பூவேலைக் கட்டாரியும் பெயரில்லாத கைகளும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவரின் பெயரைச் சொல்வதற்காக நாம் இங்கே கூடியிருக்கிறோம். பெயரே சொல்லப்படாமல் போனவர்களைப் பற்றிப் பேசுவதுதான் இந்த நாளுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். அதற்காக அருங்காட்சியகங்களில் வைக்கப்படும் அலங்கார ஆயுதங்களை எடுத்துக்கொள்கிறேன். பழவேற்காட்டில் நின்று பேசுவதால், அப்படியொரு காட்சிக்கூடம் இங்கே அமைந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. எழும்பூரில் உள்ள அதன் சேகரிப்பில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த வாள்களும் ஈட்டிகளும் கட்டாரிகளும் உண்டு. கட்டாரியின் கைக்காப்பில் யாளி, பறவை, கொடி என்று இரும்பைத் துளைத்துச் செய்த வேலைப்பாடு யாரையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். ஆனால் இவை எப்படி இங்கே வந்தன? 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கும்பெனி அரசு அரண்மனையைக் கைக்கொண்டது. 1860களில் ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை சென்னைக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனது. எது வரலாறு, எது காயலான் கடைச் சரக்கு என்பதை அழகைத் தேடிய கண்தான் முடிவு செய்தது. அந்தக் கண் யாருடையது என்பதே நம் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அந்த அழகைச் செய்தவர் யார் என்பது. இந்தியாவின் பல இடங்களில் உருக்கின் மேல் நுண்ணிய கீறல் போட்டு, அதில் தங்கக் கம்பியை வைத்து அடித்துப் பதித்தார்கள். அதற்கு முன்பே உலைக்குக் கரி சுட்டவர் உண்டு, மண்ணில் இரும்புக்கல் பொறுக்கியவர் உண்டு, செத்த மாட்டை உரித்துத் தோல் பதனிட்டு உறையும் வாரும் கேடயமும் ஆக்கியவர் உண்டு. தோல் தொட்ட கை தீட்டு என்றார்கள். அந்தத் தோலுறையை அரசன் இடுப்பில் கட்டியபோது தீட்டு எங்கே போனது?

காட்சிப்பெட்டிக்குள்ளும் இது தொடர்கிறது. இரும்புக்கு உலர்ந்த காற்று வேண்டும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். தோலோ மிகவும் உலர்ந்தால் வெடித்துவிடும். வெளிச்சமும் அதற்கு ஆகாது. சாயமிட்ட தோலுக்கு 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகத் துறையின் பொது வழக்கம். ஒரே பெட்டியில் இரண்டையும் காப்பது கடினம் என்றால் எதை உள்ளறைக்கு அனுப்புவார்கள்? வாள் விளக்கின் கீழ் மின்னும், உறை இருட்டுக்குப் போகும். தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லும் இடத்திலும் சாதி தன் வேலையைச் செய்துகொள்கிறது.

ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பறித்ததால்தான் அடித்தட்டு மக்களால் கிளர்ந்தெழ முடியவில்லை என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் எழுதினார். அலங்கார வாளை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டுவதற்கு அலங்காரம் தேவையில்லை. இன்னார் ஏந்தலாம், இன்னார் ஏந்தக் கூடாது என்று ஊருக்குக் காட்டத்தான் அது தேவை.

இனி நம் ஊருக்கு வருவோம். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கே வெடிமருந்து ஆலை நடத்தி, கீழைக் கடல்களில் இருந்த தங்கள் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் அனுப்பினார்கள். வெடிமருந்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. அதை மண்ணிலிருந்து சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுக்க வேண்டும். மீதி கரியும் கந்தகமும். இந்த ஆயுதத்துக்குப் பூவேலை கிடையாது. வெடித்தவுடன் புகையாகிவிடும், பெட்டியில் வைக்க எதுவும் மிஞ்சாது. அதே நூற்றாண்டின் பஞ்சங்களில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். பஞ்சம் வந்தால் முதலில் விற்கப்படுவது யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டச்சுக் கல்லறையில் வணிகர்களின் பெயர்களும் குடும்பச் சின்னங்களும் கருங்கல்லில் வெட்டப்பட்டு, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. வெடியுப்புக் காய்ச்சியவருக்கும் கப்பலில் ஏற்றப்பட்டவருக்கும் கல் இல்லை.

கல்லில் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோரேகான் சாட்சி. 1818 சனவரி 1 அன்று நடந்த போருக்காகக் கும்பெனி தன் வெற்றியைக் கொண்டாடி ஒரு தூண் நட்டது. அதில் மகர் வீரர்களின் பெயர்களும் இருந்தன. 1927இல் அம்பேத்கர் அங்கே சென்றார். கும்பெனியின் தூண் நம் மக்களின் நினைவிடமானது அந்தப் பெயர்களால்தான்.

ஆகவே பழவேற்காட்டுக் காட்சிக்கூடத்துக்கு என் முன்மொழிவுகள் இவை. வாளும் உறையும் பிரியக் கூடாது. தனித்தனிப் பெட்டி தேவைப்பட்டால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறிப்பட்டையில் அரசன் பெயருக்கு முன்னால் கரி, இரும்பு, தோல், தங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்த உழைப்பை எழுதுங்கள். செய்தவர் பெயர் கிடைக்காவிட்டால், அந்தப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை என்பதையே எழுதுங்கள். வெடிமருந்துக்கு ஒரு வெற்றுப் பெட்டி வையுங்கள். அதன் குறிப்பட்டை மட்டும் நீளமாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஏரியில் வலை போடும் இடத்தை முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' பட்டினவர் ஊர்களுக்குப் பரம்பரை உரிமை. தலித்துகளும் இருளரும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணின் பறியையும் கட்டாரிக்கு அருகில் அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்று இந்த நாட்டை ஆண்ட கைக்கு உரியது, மற்றது இந்த ஏரியில் பிழைத்த கைக்கு உரியது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும் குழந்தை வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்கும். காட்சிக்கூடம் அதற்காகத்தான்.

ஜெய் பீம்.