ஸெலிக்கும் பாகாயம் பஸ்ஸும்

நானும் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து 12 நிமிஷத்துல ஒரு மாக்குமெண்டரி எடுக்கறதா இருக்கோம். அதாவது பொய் டாக்குமெண்டரி. ஆள் கற்பனை, பேட்டி கற்பனை, படம் மட்டும் செய்திப்படம் மாதிரி மூஞ்சிய சீரியஸா வச்சுக்கும். களம் எங்க ஊர் மாதனூர். ஹீரோ ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில ஜோடி சரிபார்க்கிறவர். உலகத்துல எல்லா ஷூவும் ஜோடி மாறிப்போச்சுன்னு நம்ப ஆரம்பிச்சிடறார். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் காலைக் கூட விடறதில்லை.

காமெடிக்கு நல்ல மேட்டர்தான். ஆனா சிரிப்பு யார் மேல விழணும்?

1983ல வுடி ஆலன் எடுத்த 'ஸெலிக்' இந்த வகையில பெரியண்ணன். பக்கத்துல யார் இருந்தாலும் அவங்களாவே மாறிடற ஒருத்தனோட கதை. டாக்டர்கள் நடுவுல உட்கார்ந்தா தானும் டாக்டர்னு ஆரம்பிச்சிடுவான். 1920கள் காலத்துப் படம் மாதிரி தெரியணும்னு கேமராமேன் கார்டன் வில்லிஸ் பழைய லென்ஸ் தேடிப் புடிச்சு, ஃபிலிமுல கீறலெல்லாம் போட்டிருக்கார். சூசன் சொன்டாக், சால் பெல்லோ மாதிரி நிஜ ஆளுங்க, இல்லாத ஸெலிக்கைப் பத்தி கேமரா முன்னாடி ஆராய்ச்சியா பேசுவாங்க. ஒரு டாக்டர் அவனுக்கு மூளையில கட்டின்னு சொல்வார். ரெண்டு வாரத்துல அதே கட்டியில அவரே செத்துப்போவார் :-)

கவனிச்சா, அடி வாங்கறது ஸெலிக் இல்லை. அவனை எடை போட்டவங்க, அவனை வச்சு டிக்கெட் வித்த சொந்தக்காரங்க, இவங்கதான். அவனைத் தேத்தறது டாக்டர் ஃப்ளெட்சர். "நானும் நிஜ டாக்டர் இல்லை, நடிக்கறேன்"னு சொல்லி அவன் பக்கத்துல உட்கார்றாங்க.

நம்ம பக்கம் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) ரெண்டுலயும் மனசு கலைஞ்சவன் கொலைகாரன். படம் நல்ல படம்தான், அதை நான் மறுக்கல. மிச்சத்துக்கு இருக்கவே இருக்கு கீழ்ப்பாக்கம் ஜோக். 1871லேர்ந்து அங்கே இருக்கற ஆஸ்பத்திரி, ஊர் பேரையே வசவு ஆக்கிட்டோம். 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடி காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் போனாங்க. ஓடமுடியல, சங்கிலி. அப்படிக் கட்டறதைச் சட்டம் வெளிப்படையா தடுத்தது 2017ல.

இத்தனைக்கும் வேற வழி எங்க பக்கத்துலயே இருந்திருக்கு. மாதனூர்லேர்ந்து வேலூர் போய், காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் புடிச்சா சி.எம்.சி.யோட மனநல மையம். 1957ல டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கினது. அங்கே நோயாளி தனியா அட்மிட் ஆகறதில்லை, வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும். சோறு பொங்கி, பக்கத்துல இருந்து, நோய் என்னன்னு அவங்களும் கத்துக்கணும். அதே 1950கள்ல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் அடிச்சு குடும்பங்களைத் தங்க வச்சார். வார்டு கட்டக் காசில்லேன்னா கூடாரம், அவ்ளோதான்.

அதனால எங்க ஸ்கிரிப்டுல டீக்கடைக்காரர், சூப்பர்வைசர், டிவி 'நிபுணர்' மூணு பேரும் நல்லா உளறுவாங்க. ஹீரோவோட தம்பி மட்டும் கடைசியில ரெண்டு ஷூவை எடுத்து வச்சு, "எதுண்ணா மாறியிருக்கு, காட்டு"ன்னு தரையில உட்கார்வான். தம்பி வேஷத்துக்கு ஆள் ரெடி. நிபுணருக்குத்தான் கோட்டு தேடிக்கிட்டு இருக்கோம்.