'இது காட்ஜில்லாவே இல்ல!' - ஒவ்வொரு ரீபூட்டுக்கும் ரசிகர்கள் கொந்தளிப்பது ஏன்?

2024 மார்ச் 10-ஆம் தேதி நடந்த ஆஸ்கர் விழாவில், 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' படக்குழுவினர் கையில் தங்க நிற காட்ஜில்லா பொம்மைகளோடு மேடை ஏறினார்கள். சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான விருது அவர்களுக்குக் கிடைத்தது. காட்ஜில்லா படம் ஒன்று ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல் முறை. உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத் தங்கள் வீட்டு விசேஷம் போலக் கொண்டாடினார்கள்.

ஆனால் இதே ரசிகர்கள்தான் 1998-ல் வந்த ஹாலிவுட் காட்ஜில்லாவைப் பார்த்துவிட்டு, "இது காட்ஜில்லாவே இல்ல" என்று கொதித்தார்கள். 2014-ல் வந்த இன்னொரு ஹாலிவுட் காட்ஜில்லாவுக்குப் பாதிப் பேர் கைதட்ட, பாதிப் பேர் முகம் சுளித்தார்கள்.

ஒரு ராட்சத மிருகப் படத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? கட்டடத்தை இடிக்கிற ஒரு பல்லிக்கு இத்தனை ரூல்ஸா? விரிவாகப் பார்க்கலாம்.

ரீபூட் என்றால் என்ன?

பழைய படங்களின் தொடர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, கதையை மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவதுதான் ரீபூட். காட்ஜில்லாவுக்கு இது புதுசு இல்லை. ஜப்பானின் டோஹோ நிறுவனமே 1984-ல் நடுவில் வந்த படங்களை எல்லாம் மறந்துவிட்டு, 1954 படத்தில் இருந்து நேரடியாகக் கதையைத் தொடர்ந்தது. 30-க்கும் மேற்பட்ட படங்கள் வந்துவிட்ட இந்த வரிசையில், 'திரும்பவும் முதல்ல இருந்து' என்பது வழக்கமான விஷயம்தான்.

அதனால் ரீபூட் செய்ததற்காக யாரும் கோபப்படவில்லை. கோபத்தின் வேர் 1954-ல் இருக்கிறது.

1954: காட்ஜில்லா எங்கிருந்து வந்தது?

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவுத் திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டைவிட அது சுமார் 1,000 மடங்கு வலிமையானது. அந்த நேரத்தில், அறிவிக்கப்பட்ட ஆபத்துப் பகுதிக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது 'டைகோ ஃபுகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகு. படகில் இருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகின் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் உயிரிழந்தார்.

ஹிரோஷிமா, நாகசாகி முடிந்து 9 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்குள் மறுபடியும் கதிரியக்கம். சந்தைக்கு வந்த மீனைத் தொடவே ஜப்பானில் மக்கள் பயந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி 'கொஜிரா' வெளியானது. ஜப்பானிய மொழியில் காட்ஜில்லாவின் பெயர் இதுதான். கொரில்லாவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வையும் சேர்த்து உருவான பெயர். இஷிரோ ஹோண்டா இயக்கிய இந்தப் படம், கடலில் போகும் ஒரு கப்பல் திடீர் ஒளியில் எரிந்து மூழ்குவதோடு தொடங்கும். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலின் ஆழத்தில் இருந்து கிளம்பிய மிருகம்தான் காட்ஜில்லா என்று கதை போகும். ரயிலில் போகும் ஒரு பெண், 'நாகசாகியில் தப்பித்து வந்தேனே, இப்போ இதுவா' என்ற பொருளில் அலுத்துக்கொள்வாள். டோக்கியோ எரியும்போது ஒரு தாய் தன் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு, 'சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம்' என்று தேற்றுவாள்.

தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இதை நிஜத்தில் பார்த்தவர்கள். சுமார் 96 லட்சம் டிக்கெட்டுகள் விற்ற அந்தப் படம், அவர்களுக்கு வெறும் ஃபேன்டஸி இல்லை.

1998: ரசிகர்கள் கொதித்தது எதற்கு?

'இண்டிபென்டன்ஸ் டே' மூலம் பெரிய ஹிட் கொடுத்திருந்த ரோலண்ட் எம்மரிச், 1998 மே மாதம் தன் காட்ஜில்லாவைக் கொண்டுவந்தார். சைஸை முன்னிறுத்தி பிரம்மாண்ட விளம்பரம் செய்தார்கள். படம் வெளியானதும் ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என்னென்ன மாறியிருந்தது?

* நிமிர்ந்து நிற்கும் காட்ஜில்லா, முன்பக்கம் சாய்ந்து ஓடும் பெரிய உடும்பு போல ஆகியிருந்தது.

* காட்ஜில்லாவின் அடையாளமான அணுக்கதிர் மூச்சு காணாமல் போயிருந்தது.

* நியூயார்க் தெருவில் மலை போல் மீனைக் கொட்டி அதை வரவழைத்தார்கள். ராணுவத்தைப் பார்த்ததும் அது ஓடி ஒளிந்தது.

* கடைசியில் புரூக்ளின் பாலத்தின் கம்பிகளில் சிக்கி, போர் விமானங்களின் ஏவுகணைகளில் செத்துப்போனது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ரசிகர்களால் ஏற்கவே முடியவில்லை. அணுகுண்டின் உருவமாக வந்த ஒன்றை நாலு ஏவுகணை முடித்துவிடும் என்றால், அப்புறம் அது எதற்குக் காட்ஜில்லா?

இன்னொரு மாற்றமும் உண்டு. இந்தப் படத்தில் மிருகம் உருவாகக் காரணம் பிரெஞ்சு பாலினீசியாவில் பிரான்ஸ் நடத்திய அணுச் சோதனை. அமெரிக்காவின் குண்டால் பிறந்த கதையை அமெரிக்கா எடுத்தபோது, பழி பிரான்ஸ் பக்கம் போய்விட்டது.

1984 முதல் 1995 வரை காட்ஜில்லா உடையை அணிந்து நடித்தவர் கென்பச்சிரோ சட்சுமா. இந்தப் படம் திரையிடப்பட்டபோது அவர் பாதியிலேயே எழுந்து போனார். காட்ஜில்லாவின் ஆன்மா இதில் இல்லை என்பது அவர் கருத்து. அமெரிக்க ரசிகர்கள் இந்த மிருகத்துக்கு 'ஜினோ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 'பெயரில் மட்டும் காட்ஜில்லா' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

படம் உலக அளவில் சுமார் 37.9 கோடி டாலர் வசூலித்தது. அதாவது காசு வராமல் இல்லை. ஆனாலும் திட்டமிட்டிருந்த அடுத்தடுத்த பாகங்கள் வரவே இல்லை.

டோஹோ கொடுத்த பதிலடி

டோஹோவும் சும்மா இருக்கவில்லை. 1999 டிசம்பரிலேயே தன் சொந்தக் காட்ஜில்லாவை மறுபடி களத்தில் இறக்கியது. 2001-ல் வந்த படத்தில் ஒரு நக்கல் வசனம் வரும். நியூயார்க்கைத் தாக்கியதும் காட்ஜில்லாதான் என்று அமெரிக்கர்கள் சொல்கிறார்கள், ஜப்பான் நிபுணர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று.

2004-ல் வந்த 'காட்ஜில்லா: ஃபைனல் வார்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. 1998-ன் மிருகத்துக்கு 'ஜில்லா' என்று பெயர் வைத்து, ஒரிஜினல் காட்ஜில்லாவோடு மோத விட்டார்கள். ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் 'காட்' பெயரில் இருந்து கழன்றுவிட்டதைக் கவனிங்க. சிட்னியில் நடக்கும் அந்தச் சண்டை சில நொடிகளில் முடிந்துவிடும். யார் ஜெயித்தது என்று சொல்லவே வேண்டாம்!

அப்போ, எதையுமே மாற்றக்கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. 1970-களில் காட்ஜில்லா குழந்தைகளின் ஹீரோவாகவே மாறியிருந்தது. 1972 படம் ஒன்றில், காமிக்ஸ் புத்தகம் போல வாய் அருகே பலூன் வரைந்து காட்ஜில்லாவைப் பேசவே வைத்தார்கள். 1973 படத்தில் வாலைத் தரையில் தேய்த்தபடி சறுக்கிவந்து எதிரியை உதைக்கும். ரசிகர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ரசிக்கிறார்கள்.

உருவத்திலும் அப்படித்தான். 1954-ல் 50 மீட்டர் உயரம் இருந்த காட்ஜில்லா, 2014-ல் 108 மீட்டர், 2016-ல் 118.5 மீட்டர் என்று வளர்ந்துகொண்டே போனது. முகம் மாறியது, முதுகுச் செதில் மாறியது. அதற்கெல்லாம் பெரிய எதிர்ப்பு வரவில்லை.

ஆக, வில்லனாகலாம், ஹீரோவாகலாம், காமெடிகூடப் பண்ணலாம். சாதாரண விலங்காக மட்டும் ஆகக்கூடாது. ரசிகர்கள் போட்டு வைத்திருக்கும் கோடு இதுதான்.

2014: ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

காரெத் எட்வர்ட்ஸ் இயக்கிய 2014 படம் அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டது. காட்ஜில்லா நிமிர்ந்து நின்றது. கிளைமாக்ஸில் முதுகுச் செதில்கள் நீலமாக ஒளிர்ந்து அணுக்கதிர் மூச்சு வந்தபோது தியேட்டர்களில் விசில் பறந்தது. டிரெய்லர் வந்தபோது 'ரொம்ப குண்டா இருக்கே' என்று ஜப்பான் ரசிகர்கள் கலாய்த்ததும் உண்டு. ஆனால் அது செல்லக் கிண்டல்.

குறை வேறு இடத்தில் வந்தது. 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் காட்ஜில்லா திரையில் தெரிவது சுமார் 10 நிமிடம்தான். ஹொனலுலு விமான நிலையத்தில் சண்டை சூடுபிடிக்கும் நொடியில் காட்சியை வெட்டி, மிச்சத்தை ஒரு வீட்டு டிவியில் காட்டுவார்கள். 'காசு கொடுத்து வந்தது இதுக்கா?' என்று ஒரு தரப்பு. 'காத்திருக்க வைத்ததால்தான் அந்த கிளைமாக்ஸ் மாஸ்' என்று இன்னொரு தரப்பு.

இதைவிட ஆழமான ஒரு விமர்சனமும் இருக்கிறது. 1954-ல் பசிபிக்கில் நடந்தவை சோதனைகளே அல்ல, காட்ஜில்லாவைக் கொல்ல நடந்த முயற்சிகள் என்று இந்தப் படம் கதையை மாற்றியது. மிருகத்தை உருவாக்கிய குண்டு, மிருகத்தை அடக்கப் போட்ட குண்டாக ஆகிவிட்டது. அதே படத்தில் கென் வதனபே, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 8.15 மணிக்கு நின்றுபோன தன் அப்பாவின் கடிகாரத்தைக் காட்டுவார். ஒரு பக்கம் மரியாதை, மறுபக்கம் மழுப்பல் என்பது விமர்சகர்கள் வாதம்.

2016, 2023: ஜப்பான் எடுத்த ரீபூட்கள்

2016-ல் ஹிடேகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் சேர்ந்து எடுத்த 'ஷின் காட்ஜில்லா' துணிந்து எல்லாவற்றையும் மாற்றியது. காட்ஜில்லா முதலில் உருண்டைக் கண்களோடு தரையில் ஊர்ந்து வரும். பார்த்தவர்களுக்குக் குழப்பமும் சிரிப்பும். ஆனால் ஜப்பானில் படம் பிரம்மாண்ட ஹிட். ரசிகர்கள் சத்தம் போட்டுப் பார்க்கவே தனிக் காட்சிகள் நடந்தன.

காரணம், அது 2011 சுனாமியையும் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தையும் நேராகத் தொட்டது. மிருகம் நகரை அழிக்கும்போது அமைச்சர்கள் மீட்டிங் மேல் மீட்டிங் போடுவார்கள். காட்ஜில்லா சாகாது. டோக்கியோ நடுவே உறைந்து நிற்கும். அதோடுதான் மக்கள் வாழ்ந்தாக வேண்டும். மீட்டிங் காட்சிகள் போரடித்ததாக வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் சொன்னாலும், ஜப்பானியர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

2023-ல் தகாஷி யமசாகி கதையைப் போர் முடிந்த காலத்துக்கே கொண்டுபோனார். தற்கொலைப்படை விமானியாக அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பிவிட்ட குற்ற உணர்வில் வாழும் ஒருவன்தான் 'மைனஸ் ஒன்' நாயகன். கின்சா பகுதி அழியும் காட்சியில் காளான் மேகம் எழும், அதன்பின் கருப்பு மழை பெய்யும். 35 பேர் கொண்ட குழு 610 விஷுவல் எஃபெக்ட்ஸ் ஷாட்களைச் செய்தது. ஹாலிவுட் படங்களின் பட்ஜெட்டில் சிறு பகுதிதான் செலவு.

இதற்கும் கேள்வி வராமல் இல்லை. ஜப்பான் மக்கள் பட்ட துன்பத்தைச் சொல்லும் படம், ஆசியாவில் ஜப்பான் ராணுவம் செய்ததைப் பேசவில்லையே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மேலே பார்த்த 2001 படத்தில், பசிபிக் போரில் இறந்தவர்களின் ஆவிகள்தான் காட்ஜில்லாவை இயக்கும். போரை மறந்துவிட்ட ஜப்பானைத் தண்டிக்கவே அது வரும். அதாவது காட்ஜில்லாவை வைத்து இந்தக் கேள்வியையும் கேட்க முடியும் என்று ரசிகர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இந்தச் சண்டை ஏன் முக்கியம்?

'மைனஸ் ஒன்' ஆஸ்கர் வாங்கிய அதே இரவில் 7 விருதுகளை அள்ளியது, அணுகுண்டு உருவான கதையைச் சொன்ன 'ஓப்பன்ஹைமர்'. அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு, அணுகுண்டில் உயிர் பிழைத்தவர்களின் அமைப்பான 'நிஹான் ஹிடாங்க்யோ'வுக்குக் கிடைத்தது. 1956-ல் அந்த அமைப்பு உருவாகத் தூண்டுதலாக இருந்ததே 1954 குண்டுச் சோதனைக்குப் பின் எழுந்த போராட்டங்கள்தான். காட்ஜில்லா பிறந்ததும் அதே சம்பவத்தில்தான்.

குண்டை நேரில் பார்த்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களுக்குப் பின் அந்தப் பயத்தை யார் சொல்வது? பாடப்புத்தகத்தைத் தொடாத ஒரு பையன்கூட காட்ஜில்லா படத்துக்குப் போவான். அதனால்தான் 'இது காட்ஜில்லாவே இல்ல' என்ற கத்தலை வெறும் ஃபேன்ஸ் சண்டை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

புதுசா பார்க்கணுமா? இங்கிருந்து தொடங்குங்க

* 1954 'கொஜிரா': கருப்பு வெள்ளை, மெதுவாகப் போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். 1956-ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் காட்சிகள் வெட்டப்பட்டு, அமெரிக்க நடிகர் ஒருவர் சேர்க்கப்பட்டிருப்பார். ஜப்பானியப் பதிப்பையே பாருங்க.

* 2023 'மைனஸ் ஒன்': குடும்பத்தோடு பார்க்கலாம். முந்தைய படம் எதுவும் பார்த்திருக்கத் தேவையில்லை.

* 2016 'ஷின் காட்ஜில்லா': அரசியல் நையாண்டி பிடிக்கும் என்றால் இது உங்களுக்கு.

* 1998 படம்: பார்த்தே ஆகணும் என்றால், கடைசியாகப் பாருங்க. ரசிகர்கள் எதற்குக் கத்தினார்கள் என்று அப்போதுதான் புரியும்.