ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்? முனைவர் பட்ட நிபந்தனைகளும் தேர்வாளர் அறிக்கையும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பெறுவதற்கான குறைந்தபட்ச நிபந்தனைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வகுத்து வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும், எத்தனை கருத்தரங்கில் பேச வேண்டும், எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பவையே கேள்விகளாக இருந்தன. ஆய்வேட்டைத் தேர்வாளர் எப்படிப் படித்தார், படித்துவிட்டு என்ன எழுதினார் என்பது பற்றிப் பேச்சு எழவேயில்லை. நிபந்தனைகள் எல்லாவற்றிலும் உயிரானது அந்த வாசிப்புதான். அந்த வாசிப்பின் பதிவைப் பொதுவில் வைக்காதவரை மற்ற விதிகளை எவ்வளவு இறுக்கினாலும் பட்டத்தின் தரம் உயராது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்போது நடைமுறையில் உள்ள 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவ்வாண்டு நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்படி ஆய்வாளர் சேர்க்கை நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆய்வு செய்ய வேண்டும். 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் கூடுதலாக இன்னொரு 2 ஆண்டுகள் உண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட். அதில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வேலையின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் துறையில் அனைவர் முன்னிலையிலும் ஒரு முறை உரையாற்ற வேண்டும். அதன்பின் நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுவார்கள். இருவரும் ஏற்றால் பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். ஒருவர் நிராகரித்தால் மூன்றாமவருக்கு ஆய்வேடு போகும். அவரும் நிராகரித்தால் பட்டம் இல்லை. ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்திற்குள் இவையெல்லாம் முடிய வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் 2022இல் அதிகம் பேசப்பட்டது. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் நடுவர் மதிப்பீடு பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதி கூறியது. 2016இல் அதனோடு இரண்டு கருத்தரங்க உரைகளும் சேர்ந்தன. 2022இல் இரண்டும் நீக்கப்பட்டன. இந்த நீக்கம் தரத்தைத் தளர்த்திவிட்டது என்று வருந்தியவர்கள் பலர். அவர்களின் கவலை நேர்மையானது. ஆனால், அந்த விதி நடைமுறையில் என்ன செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதற்காக வருந்த மாட்டார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் ஆய்வாளர்கள் ஒரே காலத்தில் ஒரு கட்டுரையை எங்கேனும் வெளியிட்டாக வேண்டும் என்றபோது, வெளியிட்டுத் தருவதே தொழிலான இதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் சில நாளில் சான்றிதழும் கிடைக்கும். ஒரே நாள் கருத்தரங்கில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வாசித்ததாகக் கணக்கில் ஏறும், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தடித்த தொகுப்பு நூல்கள் மேசைக்கு வரும். அந்தத் தொகுப்புகளை அதில் எழுதியவர்களே முழுவதும் படித்ததில்லை. உழைத்து எழுதிய நல்ல கட்டுரைகளும் அவற்றுக்குள் கிடக்கின்றன. தேடி எடுப்பார் இல்லை. எழுதியவருக்குச் செய்யப்பட்ட அநீதி இது.

மானியக் குழு இதை அறியாமல் இல்லை. ஏற்கத்தக்க இதழ்களைப் பட்டியலிட 2019இல் 'கேர்' பட்டியல் வந்தது. இதழ்களின் தரத்தை டெல்லியிலிருந்து ஒரே பட்டியலால் நிர்ணயிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்து, 2025 பிப்ரவரியில் அப்பட்டியலையே கைவிட்டது. விதியும் போயிற்று, பட்டியலும் போயிற்று. ஆனால் எண்ணும் பழக்கம் போகவில்லை. 2018ஆம் ஆண்டு ஆசிரியர் நியமன ஒழுங்குமுறையில் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. முனைவர் பட்டத்திற்கு 30 மதிப்பெண்; ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 2 வீதம் 10 வரை. பட்டத்துக்குத் தேவையில்லாத கட்டுரை வேலைக்குத் தேவைப்படுகிறது. பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளில் பழைய நிபந்தனையை இன்னும் வைத்திருக்கின்றன. வைத்திருக்க அவற்றுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு.

கலைப்புலத் துறைகளில் அறிவு முதிரும் கால அளவை எண்ணிப் பார்த்தால் இந்த நிபந்தனையின் பொருந்தாமை இன்னும் தெளிவாகும். மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். அது நூலாக வந்தது 1957இல். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கவியல் அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த இலங்கையர் இருவரில் க. கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. கா. சிவத்தம்பி 1970இல் முனைவர் பட்டம் பெற்றார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய அவருடைய ஆய்வு 1981இல் சென்னையில் நூலானது. பட்டத்துக்கும் நூலுக்கும் இடையில் பத்தாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஆய்வேடு யாராலும் படிக்கப்படாமல் இருந்ததா? இல்லை. ஹோமரின் காவியங்களையும் வாய்மொழி மரபையும் நன்கறிந்த ஒரு நெறியாளர் படித்திருந்தார். ஒரு நல்ல வாசகர் நிறைவு நிபந்தனையாக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எண்ணும் மனப்பான்மை இன்னும் ஆழமாக வேரோடிய இடம் கருத்துத்திருட்டு விதி. இதற்கென 2018இல் வந்த தனி ஒழுங்குமுறையின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் 6 மாதத்திற்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60க்கு மேல் பதிவே ரத்தாகும். நோக்கம் மிக அவசியமானது. ஆனால் மென்பொருள் அளப்பது ஒப்புமையை. திருட்டு என்பது அதிலிருந்து ஒருவர் படித்துச் சொல்ல வேண்டிய தீர்ப்பு. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவான ஒப்புமையை விலக்கலாம் என்று அவ்விதி சொல்கிறது. ஆங்கிலத்தில் 14 சொல் ஒரு சாதாரண வாக்கியம். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்பதால் 14 சொல்லுக்குள் ஒரு முழு வாதமே அடங்கிவிடும். ஒரு குறளுக்கு ஏழே சீர். இரண்டு குறளை முழுவதும் எடுத்தாண்டாலும் 14 சீரைத் தாண்டாது. இன்னொரு பக்கம், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளையும் பக்கங்களைப் படமாக எடுத்த கோப்புகளையும் மென்பொருளால் எழுத்தாகப் படிக்க முடிவதில்லை. அவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாலும் ஒப்புமை சுழியமாகவே வரும். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்தத் துறையின் பழைய ஆய்வேடுகளைப் படித்த ஒரு மனிதர் மட்டுமே.

பாடப்பகுதி, வருகை, கால எல்லை ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. அவை நிர்வாகத்துக்குத் தேவை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்யும் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கால நீட்டிப்பு நியாயமாகக் கிடைக்க வேண்டும். ஆய்வு நெறி பற்றிய 2 கிரெடிட் பாடம் நல்ல சேர்க்கை. ஒரு பேராசிரியரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர் மட்டுமே ஆய்வு செய்யலாம் என்ற வரம்பு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. வாசிக்க நேரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் ஒரே எண் அதுதான்.

இனி வாசிப்புக்கே வருவோம். புறத்தேர்வாளர் எப்படித் தேர்வாகிறார்? பல பல்கலைக்கழகங்களில் நெறியாளர் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்தே இருவர் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். ஒரு சிறு துறையில் இது தவிர்க்க முடியாதது. துறை வல்லுநர் யாரென நெறியாளருக்குத்தான் தெரியும். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. தேர்வாளர் எழுதும் அறிக்கை பத்துப் பக்கம் இருக்கலாம், அரைப் பக்கமும் இருக்கலாம். முதலாவதில் ஒவ்வோர் இயலின் வாதமும் எடைபோடப்பட்டிருக்கும். இரண்டாவதில் ஆய்வேட்டின் தலைப்பும், இயல்களின் வரிசையும், பரிந்துரை வாக்கியமும் மட்டும் இருக்கும். விதியின் பார்வையில் இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் கிடைக்கும் பட்டமும் ஒன்றே. வாய்மொழித் தேர்வு அறிக்கையின் விமர்சனங்களை ஒட்டி அமைய வேண்டும் என்று 2016 விதியே சொன்னது. அறிக்கையில் விமர்சனமே இல்லையென்றால் அரங்கில் என்ன கேட்பது? பாராட்டுரைகள்தான் மிஞ்சும். தேர்வு முடிந்ததும் அறிக்கை பல்கலைக்கழகக் கோப்புக்குள் போய்விடுகிறது. நன்றாகப் படித்து எழுதிய தேர்வாளரின் உழைப்பும் அதோடு மறைகிறது.

ஆய்வேடுகளைப் பொதுவில் வைப்பதில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு விதியால் ஆய்வேடுகளின் மின்படி கட்டாயமானது. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இவ்வளவு பெரிய திறந்த களஞ்சியம் ஒரு பெருஞ்செல்வம். அதில் குறைவது ஒன்றே: ஒவ்வோர் ஆய்வேட்டின் பக்கத்திலும் அதை மதிப்பிட்டவர்களின் அறிக்கைகள் இணைக்கப்பட வேண்டும்.

பிறநாடுகளில் இதற்கு நிகரான வழக்கங்கள் வேரூன்றியவை. பிரான்சில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஆய்வேட்டைப் படித்து எழுதும் அறிக்கைகள் தேர்வுக்கு முன்பே ஆய்வாளரிடம் தரப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் குழு முழுவதும் கையெழுத்திடும் விரிவான அறிக்கை ஒன்று உருவாகிறது. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அதை இணைக்க வேண்டும். ஒருவருக்குப் பட்டம் இருக்கிறதா என்று மட்டும் அங்கே கேட்பதில்லை. அந்தப் பட்டத்தைப் பற்றி அதைப் படித்தவர்கள் என்ன எழுதினார்கள் என்றும் கேட்கிறார்கள். ஸ்வீடனில் தேர்வுக்கு வழக்கமாக மூன்று வாரம் முன்பே ஆய்வேட்டை ஒரு பலகையில் ஆணியடித்துப் பொதுவில் அறிவிக்கும் மரபு உப்சாலா முதலிய பல்கலைக்கழகங்களில் இன்றும் உள்ளது. எதிர்வாதம் செய்யவென்றே வெளியிலிருந்து ஓர் அறிஞர் வருவார். ஜெர்மனியில் ஆய்வேட்டை வெளியிட்ட பிறகே முனைவர் என்று பெயருக்கு முன் எழுத முடியும். மூன்றும் மூன்று வழி. ஆய்வேட்டுக்கு ஒரு வாசகர் பொதுவில் பொறுப்பேற்பது மூன்றுக்கும் பொது.

இந்த யோசனைக்கு எழக்கூடிய மறுப்புகளுள் வலுவானது ஒன்று உண்டு. அறிக்கை வெளியாகும் என்று தெரிந்தால் தேர்வாளர் வெளிப்படையாக எழுத மாட்டார், உறவு கெடுமே என்று இனிப்பாக எழுதுவார் என்பது அது. இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். தேர்வாளரின் பெயர் வாய்மொழித் தேர்வு நாளில் எப்படியும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மறைந்திருப்பது அவர் எழுதியது மட்டுமே. ஆகவே இன்றைய மறைப்பு கண்டிப்பான தேர்வாளரைவிட, படிக்காமல் கையெழுத்திட்டவரையே அதிகம் காக்கிறது. அடுத்து, வெளியிட வேண்டியவை ஏற்கப்பட்ட ஆய்வேடுகளின் அறிக்கைகள் மட்டும். நிராகரிப்பு அறிக்கை ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருந்தால் போதும். ஓர் இளம் ஆய்வாளரின் தோல்வியை இணையத்தில் நிரந்தரமாகப் பதிப்பது மனிதத்தன்மையாகாது. சாதி, வட்டாரம், கட்சி, மாணவர் பரம்பரை சார்ந்த பகைமைகள் அறிக்கையில் புகும் என்ற அச்சமும் உண்டு. அவை இன்றும் புகுகின்றன. யாரும் பார்க்காத இடத்தில் புகுவதால் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: தேர்வாளருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் சொற்பம், விரிவாக எழுது என்று எப்படிக் கேட்பது? உண்மைதான், கூட்டித்தான் தர வேண்டும். அத்தோடு, வெளியான தேர்வாளர் அறிக்கையை எழுதியவரின் ஆய்வுப் பங்களிப்பாகப் பணி உயர்வில் கணக்கில் கொள்ளலாம். ஓர் ஆய்வேட்டை நுணுகிப் படித்து எழுதிய எட்டுப் பக்க அறிக்கை, அவசரத்தில் வெளியான பல கட்டுரைகளைவிட அந்தத் துறைக்கு அதிகம் தந்திருக்கும்.

தமிழாய்வில் இதன் பயன் உடனே தெரியும். ஒரே தலைப்பைச் சற்றே மாற்றி வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் மீண்டும் மீண்டும் ஆய்வு செய்யும் வழக்கத்தைப் பற்றிப் பல காலமாகப் பேசி வருகிறோம். முந்தைய ஆய்வேட்டில் எது குறை, எது இன்னும் திறந்த கேள்வி என்று அதன் தேர்வாளரே எழுதியது கண்முன் இருந்தால், புதிய ஆய்வாளர் அங்கிருந்து தொடங்குவார். நெறியாளரும் அதையே கேட்பார். பாடவேறுபாடு, கல்வெட்டு வாசிப்பு, சுவடி ஒப்பீடு போன்றவற்றில் தேர்வாளர் காட்டிய ஒரு திருத்தம் அடுத்த பத்து ஆய்வேடுகளைப் பிழையிலிருந்து காக்கும்.

இதற்கு மத்திய விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மானியக் குழுவின் ஒழுங்குமுறை குறைந்தபட்சத்தை மட்டுமே நிர்ணயிக்கிறது. அதற்குமேல் விதி செய்யப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவைக்கு அதிகாரம் உண்டு. தேர்வாளருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தில், ஆய்வேடு ஏற்கப்பட்டால் அறிக்கை அதனோடு சேர்த்துக் களஞ்சியத்தில் வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்து, அவர் ஒப்புதலைக் கையெழுத்தாகப் பெற்றால் போதும். அதை ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.