முழங்கால் வீங்கிய பிள்ளைகளும் ஒரு தாயின் நோட்டுப் புத்தகமும்

லைம் என்றதும் நம்மில் பலருக்கு எலுமிச்சைதான் ஞாபகம் வரும். லைம் நோய்க்கும் எலுமிச்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு சின்ன மாநிலம். அதே பெயருள்ள ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, கிழக்குக் கரையில், லைம், ஓல்ட் லைம் என்று இரண்டு ஊர்கள். இங்கிலாந்தில் உள்ள லைம் ரீஜிஸ் என்ற ஊரின் பெயரைக் குடியேற வந்தவர்கள் இங்கே வைத்தார்கள். ஊர்ப் பெயர் பிறகு நோயின் பெயராகிவிட்டது.

1975இல் லைமில் பாலி மர்ரே என்ற அம்மையார் இருந்தார். ஓவியர், நான்கு பிள்ளைகளின் தாய். பல வருடங்களாக அவருக்கே மூட்டு வலி, காய்ச்சல், தோலில் தடிப்பு என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் பரிசோதித்துவிட்டு, எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு கணவர், பிள்ளைகள் என்று ஒருவர் மாற்றி ஒருவருக்கு முழங்கால் வீங்கியது. ஒரே வீட்டில் ஊன்றுகோல்கள் சேர்ந்துவிட்டன. அந்த அம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. யாருக்கு, எப்போது, எந்த மூட்டு, முன்னால் தோலில் ஏதாவது தெரிந்ததா என்று எழுதி வைத்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்து அதையும் சேர்த்து எழுதினார். ஓல்ட் லைமில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாய், தன் மகளுக்கு வந்த மூட்டு நோய் அதே தெருவில் வேறு பிள்ளைகளுக்கும் இருப்பதைக் கவனித்தார். இருவரும் தனித்தனியாகவே மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார்கள்.

சுகாதாரத் துறையில் டேவிட் ஸ்னைட்மன் அதைக் காது கொடுத்துக் கேட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டு நோய் பயின்றுகொண்டிருந்த ஆலன் ஸ்டியர் என்ற இளம் டாக்டர் வந்து கணக்கெடுத்தார். சுமார் 12,000 பேர் வாழ்ந்த மூன்று ஊர்களில் 51 நோயாளிகள். அவர்களில் 39 பேர் குழந்தைகள். அதுவரை இவர்களில் பலருக்குச் சிறுவர் மூட்டுவாதம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்த நோய் இப்படிக் கொத்தாக, காட்டோரத் தெருக்களில், கோடையில் மட்டும் வராது. நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு முதலில் வட்டமாக விரிந்து பரவிய சிவப்புத் தடிப்பு நினைவிருந்தது. அந்தத் தடிப்பை ஸ்வீடனில் ஆர்விட் அஃப்ஸீலியஸ் 1909லேயே விவரித்து, உண்ணிக் கடியோடு சேர்த்துச் சொல்லியிருந்தார். ஐரோப்பாவில் 1950களிலேயே அதற்குப் பென்சிலின் கொடுத்தார்கள். கடல் தாண்டி அந்தச் செய்தி ஒழுங்காக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

1981இல் வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவிலிருந்து வந்த மான் உண்ணிகளை மொன்டானாவில் தன் ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடியது வேறு ஒரு காய்ச்சலின் கிருமியை. கண்ணில் பட்டது சுருள் வடிவமான பாக்டீரியா, மேகநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். காரணம் தெரிந்தது, ஆன்டிபயாடிக் இருக்கிறது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மருந்து சாப்பிட்டு முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அசதி, உடம்பு வலி, மறதி எல்லாம் மாதக்கணக்கில் தொடர்ந்தன. இதைச் சிலர் 'நாள்பட்ட லைம்' என்றார்கள். கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து கொடு என்றார்கள். 2001இல் 129 நோயாளிகளுக்கு மூன்று மாத ஆன்டிபயாடிக்கும் வெறும் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. சண்டை மட்டும் பெரிதாயிற்று. பாலி மர்ரே சொன்னதை நம்பி வந்த அதே ஸ்டியருக்கே நோயாளிகள் தரப்பிலிருந்து மிரட்டல்கள் வந்தன. 2006இல் கனெக்டிகட் அரசின் தலைமை வழக்கறிஞர், மருத்துவ வழிகாட்டுதலை எழுதிய தொற்றுநோய் டாக்டர்கள் சங்கத்தின் மீதே விசாரணை வைத்தார். புதிய குழு அமைந்தது. 2010இல் அதுவும் பழைய முடிவையே ஏற்றது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பழைய அலுவலக நண்பர். அவர் மகள் குடும்பம் கனெக்டிகட்டில் இருக்கிறது. பேத்திக்குப் பதினொரு வயது. இரண்டு வருடம் முன்பு லைம் வந்து, மருந்து சாப்பிட்டு முழங்கால் சரியாகிவிட்டது. அதன் பிறகு தூக்கமில்லை, பள்ளிக்குப் போவதில்லை, திடீர் பயம், கையை ஓயாமல் கழுவுவது. ஒரு டாக்டர் ஐ.வி.ஐ.ஜி. போடலாம் என்கிறாராம். "சார், எதிர்ப்பு சக்தியை ஏத்துற ஊசியாம். போட்டா நல்லதுதானே?" என்று போனில் கேட்டார். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன், டாக்டர் இல்லை. ஆனால் அந்த 'ஏத்துற' என்ற வார்த்தை என்னை உறுத்தியது.

ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். நரம்பு வழியாகச் சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இந்த மருந்தின் வரலாறும் பிள்ளைகளோடுதான் தொடங்குகிறது. 1952இல் வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் கர்னல் ஆக்டன் புரூட்டனிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மறுபடி மறுபடி ரத்தத்தில் கிருமி பரவியது. சோதித்தால் அவன் ரத்தத்தில் அந்தப் புரதமே இல்லை. மாதா மாதம் வெளியிலிருந்து ஊசியாகப் போட்டார், பையன் தேறினான். இதுதான் 'ஏத்துவது'. இல்லாததை நிரப்புவது.

1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் வேறு ஒன்றைக் கண்டார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தத் தட்டணுக்களைத் தின்றுவிடும் நோய் கொண்ட பிள்ளைகளுக்கு இதே புரதத்தை அதிக அளவில் கொடுத்தபோது, தாக்குதல் அடங்கித் தட்டணுக்கள் ஏறின. சில வருடங்களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கவாசாகி நோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, இதய ரத்தக் குழாய் வீங்குவதைப் பெருமளவு தடுத்தார்கள். அதாவது குறைந்த அளவில் அது நிரப்புகிறது. அதிக அளவில் அடக்குகிறது. ஒரே பாட்டில், எதிரெதிரான இரண்டு வேலை. என் நண்பரின் பேத்திக்குச் சொன்னது அடக்குவதற்கான அளவு. அதை அவர் ஏற்றுவது என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

லைமில் எதிர்ப்பு சக்தியை அடக்குவது முட்டாள்தனமும் அல்ல. முழங்கால் வீக்கம் வந்தவர்களில் சிலருக்கு மாத்திரை, நரம்பு ஊசி எல்லாம் முடிந்த பிறகும் வீக்கம் வற்றாது. கிருமி போய்விட்டது, ஆனால் உடம்பு சண்டையை நிறுத்தவில்லை. 1990இல் ஸ்டியரும் மற்றவர்களும், சில மரபணு வகை உள்ளவர்களுக்கு இது அதிகம் என்று எழுதினார்கள். அவர்களுக்கு மூட்டு டாக்டர்கள் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடக்கும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். 2020இல் மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் அதை ஏற்கிறது. அங்கே முழங்கால் கண்ணெதிரே வீங்கி நிற்கிறது; மருந்து வேலை செய்கிறதா என்று நாடா வைத்தே அளக்கலாம்.

அசதிக்கும் பயத்துக்கும் ஏது நாடா? இங்கேதான் சங்கடம். 1998இல் அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோ, தொண்டைக் கிருமிக்குப் பிறகு திடீரென்று கை கழுவும் வெறி, முகம் வெட்டிக்கொள்வது என்று மாறிய 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். மறு வருடம் சுமார் முப்பது பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் ஐ.வி.ஐ.ஜி. நல்ல பலன் காட்டியது. அந்த நம்பிக்கையில்தான் லைமுக்குப் பிறகு இப்படி ஆகும் பிள்ளைகளுக்கும் அதைப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் 2016இல் 35 பிள்ளைகளிடம் இன்னும் கவனமாகச் செய்த சோதனையில், மருந்து போட்டவர்களுக்கும் போலி மருந்து போட்டவர்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. அந்தச் சோதனைக்காரர்களில் ஸ்வீடோவும் ஒருவர். தன் கருத்துக்குப் பாதகமான கணக்கையும் வெளியிட்டாரே, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

தவிக்கும் பெற்றோரைச் சுற்றி எது வேண்டுமானாலும் நடக்கும் என்பதற்கும் இந்த நோயின் வரலாற்றில் சாட்சி உண்டு. ஹைம்லிக் என்ற பிரபல டாக்டர், மலேரியாவை ஏற்றினால் எதிர்ப்பு சக்தி கிளர்ந்து லைம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார். பழைய காலத்தில் மேகநோய்க்கு அப்படிச் செய்து 1927இல் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார்கள். அதை நம்பி வேண்டுமென்றே மலேரியா ஏற்றிக்கொண்ட நியூ ஜெர்சிக்காரர்களைப் பற்றி 1990இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தில் அந்த வருடங்களில், லைம் என்ற சந்தேகத்துக்கே நீண்ட நாள் ஊசி போட்டுப் பித்தப்பையில் கல் சேர்ந்து ஆபரேஷன் வரை போனவர்களும் உண்டு. அதில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பாலி மர்ரேயின் கதையிலிருந்து இரண்டு தரப்பும் தவறான பாடம் எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'டாக்டர்கள் அன்று நம்பவில்லை, தாய் சொன்னதே சரியாயிற்று. ஆகவே இன்று நாங்கள் கேட்கும் மருந்தும் சரி' என்கிறார்கள் ஒரு சாரார். 'மருந்து பலிக்காது, ஆகவே நோயும் இல்லை' என்கிற தொனி மறு சாராருக்கு. அந்த அம்மாள் எந்த மருந்தையும் கேட்டு நிற்கவில்லை. பிள்ளைக்கு என்னவோ இருக்கிறது, இதோ தேதிகள், கண்டுபிடியுங்கள் என்றார்.

நண்பரிடம் நான் படித்ததை அப்படியே சொன்னேன். ஒரு முறை ஏற்றவே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். கடும் தலைவலி வருவது சகஜம். அபூர்வமாக ரத்தம் உறைவதும் சிறுநீரகம் பாதிப்பதும் உண்டு. மருந்தோடு வரும் குறிப்பிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். இன்னொன்றை அவர் எதிர்பார்க்கவில்லை: ஏற்றிய புரதத்தில் ஆயிரம் பேரின் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதால், அதன்பின் சில மாதங்களுக்குப் பேத்தியின் ரத்தத்தில் லைம் முதலான சோதனைகள் எதையும் நம்பிப் படிக்க முடியாது. செய்ய வேண்டிய சோதனை எதுவானாலும் முன்னால் செய்துவிட வேண்டும்.

"அப்ப போட வேண்டாம்கறீங்களா?" என்றார்.

அதைச் சொல்ல நான் யார்? எந்த நோய்க்காகப் போடுகிறீர்கள், அது இருப்பதற்கு எந்தச் சோதனை சாட்சி, பலன் கிடைத்ததை எத்தனை வாரத்தில் எதை வைத்துச் சொல்வீர்கள், கிடைக்காவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள் என்று அந்த டாக்டரிடம் எழுதி வாங்கச் சொன்னேன். கிருமி இன்னும் இருக்கிறது என்று ஆன்டிபயாடிக்கும், கிருமி போய் உடம்புதான் சண்டை போடுகிறது என்று ஐ.வி.ஐ.ஜி.யும் ஒரே சீட்டில் எழுதினால், இரண்டில் எதை நம்புகிறார் என்றும் கேட்கச் சொன்னேன். கை கழுவும் வெறிக்குப் பேச்சு முறைச் சிகிச்சை இருக்கிறது, அதை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

போன வாரம் நண்பர் கூப்பிட்டார். மகள் ஒரு நோட்டு போட்டுவிட்டாளாம். தூக்கம் எத்தனை மணி, கை எத்தனை தடவை, பள்ளிக்குப் போன நாள், போகாத நாள். குழந்தைகள் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் அடுத்த மாதம் நேரம் கிடைத்திருக்கிறது. ஊசியைப் பற்றி அதன் பிறகுதான் முடிவாம்.