செதிலும் சீழும்

சொரியாசிஸ் என்றதும் நினைவுக்கு வருவது முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிச் செதில் உதிரும் தடிப்புதான். அதே பெயரை ஒட்டிக்கொண்டு மிக அரிதான இன்னொரு நோயும் உண்டு: பொதுப்பரவல் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ். காய்ச்சல் அடிக்கும், மேனி சிவந்து, ஊசிமுனை அளவுக்குக் கொப்புளங்கள் அரும்பி, ஒன்றோடொன்று கலந்து சீழ்க்குட்டைகளாகும். அந்தச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினால் கிருமி எதுவும் வளராது. உள்ளே இருப்பவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். படையெடுக்க எதிரியே இல்லாமல் திரண்டவை.

செதில் நோயில் டி செல் என்னும் எதிர்ப்பாற்றல் அணுவுக்குப் பங்குண்டு என்பது தற்செயலாகத் தெரியவந்தது. மூட்டுவாதத்துக்காக சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் தோலும் தெளிந்தது. 1979இல் அந்தச் செய்தி வெளியானது. சைக்ளோஸ்போரின் டி செல்லை அடக்கும் மருந்து. இன்டர்லூகின்-23 என்னும் சமிக்ஞைப் புரதம் தூண்டிவிட, டி செல்கள் இன்டர்லூகின்-17ஐச் சுரக்க, தோல் செல்கள் தலைதெறிக்கப் பெருகுகின்றன என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

சீழ் நோயின் வேர் வேறிடத்தில். 1910இல் மருத்துவர் லியோ வான் சும்புஷ் விவரித்த நோயாளிகள் உடன்பிறந்த ஓர் ஆணும் பெண்ணும். குடும்பத்தில் ஓடும் நோயோ என்ற சந்தேகத்துக்கு அதுவே போதும். ஆனாலும் விடை கிடைக்க நூறாண்டு ஆனது. 2011இல் துனிசியாவின் 9 குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் ஐஎல்36ஆர்என் மரபணுவில் பழுதைக் கண்டார்கள். இன்டர்லூகின்-36 தோல் செல்களே எழுப்பும் அபாய அறிவிப்பு. அதற்குப் பிரேக் போடும் புரதம் அந்த மரபணுவிலிருந்து வருகிறது. பிரேக் இல்லையென்றால் டி செல்லின் தயவு பெரிதாகத் தேவையில்லை, பிறவி எதிர்ப்பாற்றலே போதும் தோலைக் கொளுத்த.

இரு நோய்களையும் பிரிக்கும் இந்தக் கோடு இவ்வளவு நேராக நின்றிருந்தால் மருத்துவர்களுக்கு வசதிதான். ஆனால் சீழ் நோயாளிகள் எல்லாருக்கும் அந்தப் பழுது இல்லை. செதில் நோய் இல்லாமல் நேரே சீழோடு வந்தவர்களிடம் அது அதிகம். முன்பே செதில் நோய் இருந்தவர்களிடம் குறைவு. இன்டர்லூகின்-36இன் ஏற்பியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் மருந்தின் சோதனை முடிவு 2021இல் வந்தது: ஒரே வாரத்தில் 54 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் இல்லை, மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் 6 சதவீதம். மரபணு நன்றாக இருந்தவர்களுக்கும் பலித்தது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிரேக் சரியாக இருந்தும் இன்டர்லூகின்-36 பாதை பொங்குகிறது. அதைத் தொற்றோ கர்ப்பமோ கிளப்பிவிடலாம். செதிலுக்காக விழுங்கிவந்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் கிளப்பிவிடும்.