ஒரே ஒரு ஓடை, ஒரே ஒரு மீன்

எங்கள் உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்று ஒரு குழுவும் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரே ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறது! நான் சொல்லப்போவதும் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது என்ற கதைதான். ஆனால் இடம் இலங்கை, கதாநாயகன் ஒரு குட்டி மீன்.

பெயர் பந்துலா. நம்ம ஊர் கெண்டைப்பொடிக்குச் சொந்தக்காரன். விரல் நீளம்கூட இருக்காது. சிவப்பு கலந்த உடம்பு, அதில் கறுப்புத் திட்டுகள். கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட என்ற ஊர்ப்பக்கம், வயலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒரு சின்ன ஓடையில் மட்டும்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1991-இல் மாரிஸ் கொட்டலா, ரோஹன் பெத்தியாகொட இருவரும் இதைப் புது இனம் என்று அறிவித்து 'புன்டியஸ் பந்துலா' என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் அது 'பெத்தியா' என்ற புதுப் பேரினத்துக்கு மாறியது. 'பெத்தியா' என்பது இப்படிப்பட்ட சின்ன மீன்களுக்குச் சிங்களத்தில் உள்ள பொதுப்பெயர்.

கண்டுபிடித்தபோது சுமார் 2000 மீன்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பத்தே வருடத்தில் அது சில நூறாகிவிட்டது! வயலில் அடித்த பூச்சிமருந்து ஓடையில் கலந்தது, கரை சரிந்தது, தொட்டியில் வளர்க்கவும் பிடித்துப் போனார்கள். ஓடை இருப்பது சரணாலயத்தில் அல்ல, விவசாயிகளின் நிலத்துக்கு நடுவில். வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்துக் காப்பாற்ற முடியாது.

அதனால் பிறகு வந்த பாதுகாப்பு முயற்சியில் ஊர்மக்களையே சேர்த்துக்கொண்டார்கள். கரையில் செடிகள் நட்டார்கள். மீன்களில் கொஞ்சத்தை வேறொரு ஓடையிலும் விட்டார்கள். முதலீட்டை ஒரே இடத்தில் முடக்காதே என்று எங்கள் காமர்ஸ் வகுப்பில் சொல்வார்களே, அதே கணக்குதான்.

பந்துலா இன்றும் அழியும் அபாயம் மிக அதிகமுள்ள இனம்தான். ஆனால் அழிந்துவிடவில்லை. ஓடைக்குப் பக்கத்தில் பயிர் செய்கிறவர் மனது வைத்தால்தான் அது பிழைக்கும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஏரிக்கு வாரியம் போட்ட ஊர்க்காரன் எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. ஆனால் நம் ஏரியில் இன்று எத்தனை வகை மீன் இருக்கிறது என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்கு?