மருந்தடிப்பவரின் ரத்தம்

விஷத்தை நாம் 'மருந்து' என்கிறோம். வயலுக்கு மருந்தடிக்கிறோம் என்கிறோம். அந்த மருந்து எங்கிருந்து வந்தது?

1936 டிசம்பர். ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பயிர்ப்பூச்சிகளைக் கொல்லப் புதிய வேதிப்பொருள் தேடிக்கொண்டிருந்தார் கெர்ஹார்ட் ஷ்ராடர். பாஸ்பரஸ் அடிப்படையிலான ஒரு சேர்மம் பூச்சிகளை உடனே கொன்றது. அடுத்த மாதமே அதன் ஒரு சிறு துளி சிந்தி, அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி மூச்சுத் திணறியது. குணமாகச் சில வாரங்கள் ஆயின. பயிருக்கு ஆகாத அந்தப் பொருளை நாஜி ராணுவம் எடுத்துக்கொண்டது. 'தபூன்' என்ற நச்சுவாயு அதுதான்.

ஷ்ராடர் தேடலைத் தொடர்ந்தார். 1944இல் பாரத்தியான் கிடைத்தது. அசுவினியையும் சிலந்திப்பேனையும் அது கொன்றது. ஆனால் அது முடக்குவது கோலினெஸ்டரேஸ் என்ற நரம்பு நொதியை. அந்த நொதி பூச்சிக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு.

1958இல் கப்பலில் கசிந்த பாரத்தியான் கோதுமை மாவு மூட்டைகளில் கலந்து, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு அமைந்த விசாரணைக் குழுவின் தொடர்ச்சியாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971இல் விதிகள் வந்தன. தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும். வேலைக்கு அமர்த்துமுன் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பாஸ்பரஸ் வகை நஞ்சைக் கையாள்பவரின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் விதியில் எழுதப்பட்டவை.

தோழர்களே, உங்கள் ஊர்ச் சேரியில் யாருக்காவது இந்தப் பரிசோதனை நடந்து பார்த்திருக்கிறீர்களா?

2011 கணக்கெடுப்பின்படி, உழைக்கும் பட்டியல் சாதியினரில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் விவசாயக் கூலிகள். டேங்க்கை முதுகில் சுமப்பவர்களில் பலர் நிலம் இல்லாதவர்கள். விளைச்சல் நிலக்காரருக்கு, தோலில் ஊறும் நஞ்சு கூலிக்கு. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பருத்தி வயல்களில் மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வேதியியல் இதற்குள் வளர்ந்துவிட்டது. மனித நரம்பைவிடப் பூச்சி நரம்பையே அதிகம் தாக்கும் சேர்மங்கள் 1990களிலேயே சந்தைக்கு வந்தன. அவற்றுக்கும் தீங்குகள் உண்டு, தேனீக்கள் சாகின்றன. ஆனாலும் மனிதருக்கு ஆபத்து குறைந்த நஞ்சைத் தேட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதன் பிறகும் பழைய கொடிய நஞ்சுகள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. இதை வேதியியலின் குறை என்று சொல்ல முடியாது. யாருடைய உடல் மலிவு என்ற கணக்கு இது. அந்தக் கணக்கைச் சாதி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

மருந்தடித்த ஒருவர் மயங்கி விழுந்தால், "வெறும் வயிற்றோடு போனான், குடித்திருந்தான்" என்று பழியை அவர்மீதே போடுவார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியவை: உடை கொடுத்தீர்களா? ரத்தம் பார்த்தீர்களா? பதிவேடு எங்கே? களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் 1971ஆம் ஆண்டு விதிகளின் நகலைக் கையில் வைத்திருங்கள்.